புது ஃபிளாட்பெட் கம்பெனியில் ஓரியண்டேஷன்: அனுபவமுள்ள டிரைவர் கவனிக்க வேண்டியவை

ஃபிளாட்பெட் (பக்கச்சுவரும் கூரையும் இல்லாத திறந்த டிரெய்லர்) கம்பெனி ஒன்று ஓரியண்டேஷனுக்கு, அதாவது சேரும் முன் நடக்கும் சில நாள் சோதனைக்கும் வகுப்புக்கும் வரச் சொல்லி பஸ் டிக்கெட்டும் ஹோட்டல் புக்கிங்கும் அனுப்பிவிட்டார்கள் என்றால் வேலை கிடைத்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்க டிரக்கிங்கில் அப்படி இல்லை. டிரக் நம்பரும் சாவியும் கைக்கு வரும்வரை நீங்கள் விண்ணப்பதாரர்தான். இரண்டாம் நாள் மதியம் ஒருவரைத் தனியாக வெளியே கூப்பிட்டுப் பேசுவார்கள். அவர் திரும்பி வந்து பையை எடுத்துக்கொண்டு போவார். எல்லா வகுப்பிலும் நடப்பதுதான் இது. அப்படிப் போகிறவர்களில் வண்டி ஓட்டத் தெரியாதவர் குறைவு. விண்ணப்பத்தில் ஒரு தேதி பொருந்தாதவர், மருந்து விவரத்தை மறைத்தவர், "இருபது வருஷமா இப்படித்தான் லோடு கட்டுறேன்" என்று பயிற்சியாளரிடம் வாதாடியவர், இவர்கள்தான் அதிகம்.

அதனால் முதல் விதி: பழைய கம்பெனியின் வண்டியை ஒப்படைத்து ராஜினாமா சொல்வதற்கு முன்னால், புதுக் கம்பெனியின் பின்னணிச் சோதனை முழுவதும் முடிந்துவிட்டதா என்று ரெக்ரூட்டரிடம் எழுத்தில் கேளுங்கள். "எல்லாம் ஓகே" என்று போனில் சொல்வது போதாது. வண்டியை நடுவழியில் எங்கேயோ விட்டுவிட்டு ஓரியண்டேஷனுக்குப் போகவே போகாதீர்கள். அந்தப் பதிவு அடுத்த கம்பெனி பார்க்கும் அறிக்கையில் நிற்கும். ஒரு சிறிய விபத்தை விட அது அதிகம் உறுத்தும்.

கிளம்பும் முன்னே முடிக்க வேண்டியவை

உங்களைப் பற்றி அவர்கள் படிக்கப்போவதை நீங்கள் முதலில் படித்துவிடுங்கள். மத்திய அரசுப் பதிவுகளிலிருந்து வரும் பிஎஸ்பி அறிக்கை 10 டாலர். அதில் 5 வருட விபத்துகளும் 3 வருட சாலையோரச் சோதனைகளும் இருக்கும். ஹயர்ரைட் என்ற பின்னணிச் சோதனை நிறுவனம் வைத்திருக்கும் டிஏசி அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். பழைய முதலாளி உங்களைப் பற்றி என்ன எழுதினார் என்பது அதில்தான் தெரியும். மாநிலத்தின் ஓட்டுநர் பதிவான எம்விஆரும் ஒரு பிரதி கையில் இருக்கட்டும்.

விண்ணப்பத்தில் கடந்த 3 வருட வேலைகள் எல்லாவற்றையும், அதற்கு முந்தைய 7 வருடங்களில் கமர்ஷியல் வண்டி ஓட்டிய வேலைகளையும் காட்ட வேண்டும். ஆக மொத்தம் 10 வருடம். இரண்டு வேலைகளுக்கு நடுவே ஊருக்குப் போய் மூன்று மாதம் இருந்திருந்தால் அதையும் தேதியோடு எழுதுங்கள். இடைவெளி இருப்பது குற்றமில்லை, எழுதாமல் விடுவதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். ஒரு மாதம் மட்டும் ஓட்டிவிட்டு வந்த கம்பெனியை "அது கணக்கில்லை" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்தக் கம்பெனி டிஏசியில் உங்களைப் பற்றி எழுதியிருந்தால் அதிலேயே பிடிபடுவீர்கள். பழைய முதலாளி தவறான தகவல் கொடுத்திருக்கிறார் என்று பட்டால், புதுக் கம்பெனிக்கு வந்த தகவலை எழுத்துமூலம் கேட்டுப் பார்க்கவும், திருத்தக் கோரவும், உங்கள் மறுப்பைச் சேர்க்கவும் சட்டம் இடம் தருகிறது.

அடுத்தது கிளியரிங்ஹவுஸ். 2020 ஜனவரி 6 முதல் இயங்கும் இந்த மத்தியப் பதிவேட்டில் டிரைவரின் போதை, மது விதிமீறல்கள் இருக்கும். வேலைக்குச் சேர்க்கும் முன் கம்பெனி முழு விசாரணை போட வேண்டும். அதற்கு நீங்கள் உங்கள் கணக்கில் நுழைந்து சம்மதம் கொடுத்தால்தான் நடக்கும். வகுப்பறையில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மறந்துவிட்டுத் தவிக்காதீர்கள். இரண்டு நாள் முன்னாலேயே உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

சிடிஎல் (கமர்ஷியல் வண்டி லைசென்ஸ்), மருத்துவ அட்டையோடு அதன் முழுநீளப் படிவம், சோஷியல் செக்யூரிட்டி அட்டை. வேலை செய்யும் உரிமையைக் காட்டும் ஐ-9 படிவத்துக்குப் பாஸ்போர்ட் அல்லது கிரீன் கார்டு அல்லது வேலை அனுமதி அட்டை. சிடிஎல்லும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையும் சேர்ந்தாலும் ஐ-9க்குப் போதும். ஆனால் அந்த அட்டையில் குடியேற்றத் துறை அனுமதியோடு மட்டுமே வேலை செய்யலாம் என்று அச்சிட்டிருந்தால் அது செல்லாது. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்கள் பலரிடம் பழைய அட்டை அப்படித்தான் இருக்கும். நிரந்தர வசிப்புரிமை வந்ததும் அதை மாற்றியிருக்க வேண்டும். சம்பளம் வங்கிக்குப் போக ஒரு வாய்டு செக் (ரத்து என்று எழுதிய காசோலை). துறைமுக லோடு இருந்தால் உள்ளே போக டிவிக் என்ற பாதுகாப்பு அடையாள அட்டை.

சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் மருந்துக்கடை லேபிளோடு. பவுடராகவோ தனி டப்பாவிலோ எதுவும் வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர் தன் டாக்டரிடம் எம்சிஎஸ்ஏ-5870 படிவத்தை நிரப்பி வாங்கிக்கொண்டு போக வேண்டும். அது மருத்துவச் சோதனைக்கு முந்தைய 45 நாட்களுக்குள் கையெழுத்தானதாக இருக்க வேண்டும். தூக்கத்தில் மூச்சுத்திணறலுக்கு சிபேப் போடுகிறவர் அந்த இயந்திரத்தின் பயன்பாட்டு அறிக்கையை எடுத்துப் போகட்டும். இந்த இரண்டு காகிதமும் இல்லாமல் போனால் அங்கே ஹோட்டலில் காத்துக் கிடக்க வேண்டும், அல்லது வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

உடை விஷயத்தில் ஃபிளாட்பெட் வேறு மாதிரி. ஸ்டீல் டோ வைத்த, கணுக்கால் மூடும் பூட்ஸ், முழுக்கைச் சட்டை, கிழியாத முழுப்பேன்ட், கையுறை இரண்டு ஜோடி. ஹெல்மெட், கண்ணாடி, மின்னும் வெஸ்ட் ஆகியவற்றைக் கம்பெனி தரும், ஆனாலும் உங்களுடையது இருந்தால் கொண்டு போங்கள். செருப்போடு யார்டுக்குள் இறங்கியவரை அந்த நிமிடத்திலேயே பயிற்சியாளர் குறித்துவைத்துக்கொள்வார்.

கடைசியாக ஒரு சின்னக் காகிதம், பலருக்கும் தெரியாதது: கடந்த 7 நாட்களில் எத்தனை மணி நேரம் ஆன்-டியூட்டியில் (பணிநேரக் கணக்கில்) இருந்தீர்கள், கடைசியாக எப்போது பணியிலிருந்து விடுபட்டீர்கள் என்று கையெழுத்திட்ட அறிக்கை ஒன்றைப் புதுக் கம்பெனிக்குக் கொடுத்தாக வேண்டும். பழைய இஎல்டியிலிருந்து (பணிநேரத்தைப் பதியும் மின்னணுக் கருவி) லாகின் போவதற்கு முன்னால் கடைசி 8 நாள் பதிவை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டாயம் வர வேண்டிய வகுப்பு ஆன்-டியூட்டி கணக்கில் சேரும். மூன்று நாள், நாளுக்கு 8 மணி என்றால் 8 நாளுக்கு 70 மணி என்ற வரம்பில் 24 மணி நேரம் போய்விட்டது, 46தான் மிச்சம். பழைய வேலையில் ஏற்கனவே 40 ஓட்டியிருந்தால் முதல் லோடுக்கு 6 மணி நேரம்தான் இருக்கும். இந்தக் கணக்கைப் புதிதாகத் தொடங்கவைக்கும் 34 மணி நேர ஓய்வை (ரீஸ்டார்ட்) எங்கே எடுப்பது என்று, லோடு ஒதுக்கும் டிஸ்பேட்சரிடம் அப்போதே பேசிவிடுங்கள்.

முதல் நாள்: லேப், டாக்டர், காகிதம்

காலையில் முதல் வேலையே சிறுநீர்ச் சோதனையாக இருக்கும். எழுந்ததும் போய்விட்டு வந்து அங்கே தவிக்காதீர்கள். 45 மில்லி வேண்டும். வரவில்லை என்றால் 3 மணி நேரம் தருவார்கள், அதற்குள் மொத்தம் 40 அவுன்ஸ் வரை தண்ணீர் குடிக்கலாம். சோதனை தொடங்கிய பிறகு "அப்புறம் வர்றேன்" என்று எழுந்து போனால் மறுத்ததாகவே எழுதுவார்கள். மறுப்பு என்றால் பாசிட்டிவ் வந்ததற்குச் சமம். உங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி சரியாக இருக்கலாம், கனடாவில் 2018 அக்டோபர் முதல் சரிதான், ஆனால் இந்தச் சோதனைக்கு அது எதுவும் பொருட்டில்லை. வலிக்குத் தடவும், குடிக்கும் சிபிடி எண்ணெயும் (கஞ்சாச் செடி வகையிலிருந்து எடுப்பது) அப்படியே. "அதில் போதைப்பொருள் இல்லை என்று போட்டிருந்தது" என்ற பதிலை ஏற்க மாட்டார்கள். சில கம்பெனிகள் முடியையும் வெட்டி எடுத்துச் சோதிக்கும். அது சுமார் 90 நாள் பின்னோக்கிப் பார்க்கும்.

மருத்துவச் சோதனையில் நம் ஆட்களைச் சறுக்கவிடுவது ரத்த அழுத்தம். 140/90க்குக் கீழே இருந்தால்தான் பொதுவாக 2 வருட அட்டை. இரவு முழுக்க பஸ்ஸில் வந்து, ஊறுகாயும் சிப்ஸும் தின்று, இரண்டு காபி குடித்துவிட்டுக் கையை நீட்டினால் 150 காட்டும். ஒரு வருட அட்டையோடு வருவீர்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையைப் பயண அலைச்சலில் விட்டுவிடாதீர்கள். பார்வை 20/40 வேண்டும், கண்ணாடியை ஹோட்டலில் மறந்துவிட்டுப் போக வேண்டாம்.

ஃபிளாட்பெட் கம்பெனிகளில் இதோடு உடல்திறன் சோதனையும் இருக்கும். எடை தூக்கி அலமாரியில் வைப்பது, படியேறி இறங்குவது, மண்டியிட்டு எழுவது, டிரெய்லரில் ஏறுவது. இங்கே வேகம் காட்ட வேண்டாம். முதுகை வளைத்துச் சடாரென்று தூக்குகிறவரைப் பார்த்துத்தான் அவர்கள் பயப்படுவார்கள். முழங்காலை மடக்கி மெதுவாகத் தூக்குகிறவரைப் பார்த்து அல்ல.

ஆங்கிலம் பற்றி நேராகச் சொல்லிவிடலாம். 2025 ஜூன் 25 முதல் சாலையோரச் சோதனையில் ஆங்கிலத்தில் பதில் சொல்ல முடியாத டிரைவரை அவுட் ஆஃப் சர்வீஸ் போடுகிறார்கள், அதாவது அங்கேயே ஓட்டத் தடை விதிக்கிறார்கள். அதனால் கம்பெனிகளும் ஓரியண்டேஷனிலேயே சோதிக்கின்றன. இலக்கணம் யாரும் பார்ப்பதில்லை. எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், என்ன லோடு, எத்தனை மணிக்குக் கிளம்பினாய் என்று கேட்டால் மொழிபெயர்ப்பு ஆப்போ இன்னொருவர் உதவியோ இல்லாமல் சொல்ல வேண்டும். எடை நிலையம் திறந்திருக்கிறது, சாலையோரத்தில் நிற்காதே, டயர் சங்கிலி கட்டாயம் என்பது போன்ற பலகைகளைப் படித்து என்ன பொருள் என்றும் சொல்ல வேண்டும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாண ஏஇசட் (கனரக டிரக்) லைசென்சில் ஓடும் தமிழ் டிரைவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் லைசென்சில் டபிள்யூ என்ற குறியீடு இருந்தால் அமெரிக்காவுக்குள் ஓட்ட மருத்துவத் தகுதி இல்லை என்று பொருள். கிளியரிங்ஹவுஸ், போதைச் சோதனை இரண்டும் உங்களுக்கும் உண்டு. அமெரிக்காவுக்குள் ஓர் இடத்தில் ஏற்றி அங்கேயே இன்னோர் இடத்தில் இறக்கும் லோடை டிஸ்பேட்சர் கொடுத்தால் எடுக்காதீர்கள். எல்லையில் மாட்டுவது டிஸ்பேட்சர் அல்ல, நீங்கள்தான்.

கட்டு வகுப்பு: தெரிந்ததை மறுபடி கேளுங்கள்

ஓரியண்டேஷனின் உயிர் இங்கேதான். பெரும்பாலும் யார்டில் ஒரு டிரெய்லர் மேல் இரும்புச் சுருளோ மரக்கட்டோ வைத்துக் கட்டச் சொல்வார்கள். சட்டம் கேட்பது ஒன்று, கம்பெனி கேட்பது அதற்கு மேல் ஒன்று. நீங்கள் பழைய கம்பெனியில் 4 செயின் போட்ட இடத்தில் இவர்கள் 6 கேட்டால், 6 போடுங்கள். விவாதம் வேண்டாம், காரணம் மட்டும் கேளுங்கள்.

சட்டத்தின் அடிப்படை இரண்டு கணக்கு. ஒன்று எண்ணிக்கை: 5 அடிக்கு மேல் 10 அடி வரை நீளமுள்ள பொருளுக்கு 2 கட்டு (லோடைப் பிடிக்கும் செயின் அல்லது ஸ்ட்ராப்), அதற்கு மேல் ஒவ்வொரு 10 அடிக்கும் அல்லது அதன் பகுதிக்கும் ஒன்று கூடுதல். 40 அடி உத்திரம் என்றால் 2 கூட்டல் 3, மொத்தம் 5. முன்னால் தடுப்பு வைத்து நகராதபடி செய்திருந்தால் 10 அடிக்கு ஒன்று, அதாவது 4. இரண்டாவது வலிமை: எல்லாக் கட்டுகளின் பளு வரம்பையும் கூட்டினால் லோடின் எடையில் பாதியாவது வர வேண்டும். இரண்டில் எது அதிகம் கேட்கிறதோ அதுதான் குறைந்தபட்சம்.

அனுபவசாலிகள் தப்பு செய்வது இரண்டாவது கணக்கில். 3/8 அங்குல கிரேடு 70 செயினின் வரம்பு 6,600 பவுண்டு என்பது எல்லோருக்கும் மனப்பாடம். 44,000 பவுண்டு சுருள் வந்தால் பாதி 22,000. 4 செயினுக்கு 26,400, போதும் என்று மனம் கணக்குப் போடும். செயினை இறுக்கும் கருவியான பைண்டரைத் திருப்பிப் பாருங்கள். 5/16-3/8 என்று போட்ட லீவர் பைண்டர்கள் பலவற்றில் 5,400 என்றுதான் முத்திரை இருக்கும். ஒரு கட்டின் வலிமை அதில் மிகப் பலவீனமான உறுப்பின் வலிமை. 5,400ஐ நான்கால் பெருக்கினால் 21,600. 400 பவுண்டு குறைகிறது. சோதனை அதிகாரி இதைத்தான் பார்ப்பார், பயிற்சியாளரும் இதைத்தான் பார்ப்பார்.

இயந்திரம் ஏற்றும்போது இன்னொரு கண்ணி. டிரெய்லரிலிருந்து கிளம்பி இயந்திரத்தின் கொக்கியில் போய் முடியும் செயினுக்குப் பாதி மதிப்புதான். டிரெய்லரின் ஒரு பக்கம் தொடங்கி, பொருளின் மேலாகவோ துளை வழியாகவோ போய், மறுபக்கம் மாட்டினால்தான் முழு மதிப்பு. 30,000 பவுண்டு லோடர் இயந்திரத்துக்கு நான்கு மூலைக்கும் நான்கு செயின் போட்டால் 3,300ஐ நான்கால் பெருக்கி 13,200. தேவை 15,000. ஐந்தாவது செயின் வேண்டும், அல்லது 11,300 வரம்புள்ள அரை அங்குலச் செயின்களும் அதற்கேற்ற பைண்டர்களும் வேண்டும். 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட இயந்திரத்துக்கு நான்குக்குக் குறையவே கூடாது. பக்கெட், பிளேடு போன்றவற்றைக் கீழே இறக்கி, அவற்றையும் தனியே கட்ட வேண்டும்.

முத்திரை தேய்ந்துபோன செயினை என்ன செய்வது? வரம்பு தெரியாத செயினை அதிகாரி மிகத் தாழ்ந்த கிரேடாகவே எடுப்பார். 3/8க்கு 2,650 பவுண்டு. லேபிள் கிழிந்த 4 அங்குல ஸ்ட்ராப்புக்கு 5,400 போய் 4,000. அதனால் ஸ்ட்ராப்பைச் சுருட்டும்போது லேபிள் தரையில் தேயாதபடி உள்பக்கம் வைத்துச் சுருட்டும் பழக்கம் உள்ளவரைப் பார்த்தாலே அவர் வேலைக்காரர் என்று தெரிந்துவிடும். 4 அங்குல ஸ்ட்ராப்பில் வெட்டு, துளை எல்லாம் சேர்ந்து முக்கால் அங்குலத்தைத் தாண்டினால் குப்பைக்கு. முடிச்சுப் போட்டு ஒட்டவைத்த ஸ்ட்ராப்பை யார்டுக்குள் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கவே வேண்டாம்.

சுருள்களில் மூன்று வாட்டம். சுருளின் நடுத்துளையான கண் வானத்தைப் பார்த்தால் ஒன்று, கண் முன்னும் பின்னும் பார்த்தால் ஷாட்கன், கண் பக்கவாட்டில் பார்த்தால் சூசைட். மூன்றாவதற்கு அந்தப் பெயர் ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கட்டு அறுந்தால் கேபினை நோக்கித்தான் உருண்டு வரும். இந்த வாட்டத்தில் கண் வழியாகப் போகும் செயின்களை மேலிருந்து பார்க்கும்போது பெருக்கல் குறி போலத் தெரியும்படி குறுக்கே போடக்கூடாது. பழைய பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு, அங்கேயே மதிப்பெண் போகும். அலபாமாவில் சுருள் ஏற்றுகிறவருக்குத் தனிச் சான்றிதழ் கட்டாயமாக இருந்தது; மாநிலம் விட்டு மாநிலம் போகும் லோடுகளுக்கு 2013இல் மத்திய அரசு அந்தக் கட்டாயத்தை நீக்கியது. இருந்தாலும் உங்கள் கம்பெனி அதை ஓரியண்டேஷனிலேயே முடித்துத் தந்தால் நல்லது. கேட்டு வாங்கிக்கொண்டு கேபினில் வையுங்கள்.

லீவர் பைண்டரில் குழாய் செருகி இழுப்பதை விட்டுவிடுங்கள். கம்பெனிகள் ராட்செட் பைண்டர் கொடுப்பதே அந்தக் குழாய் திரும்பி அடித்து உடைத்த தாடைகளால்தான். ஸ்ட்ராப்பைச் சுற்றி இறுக்கும் வின்ச்சில் செருகும் கம்பியான வின்ச் பாரும் அப்படித்தான். துளைக்குள் முழுதாக நுழைந்ததா என்று பார்த்துவிட்டு, முகத்தை அதன் பாதையிலிருந்து விலக்கி, கால்கள் இரண்டையும் தரையில் ஊன்றிக்கொண்டு அழுத்துங்கள். உடல் எடை முழுவதையும் போட்டுத் தொங்கினால், பார் நழுவும்போது நீங்கள் முகங்குப்புற விழுவீர்கள்.

தார்ப்பாய்

மரக்கட்டு லோடை மூடும் தார்ப்பாய் ஒன்று 24 அடி அகலம், 27 அடி நீளம் இருக்கும்: டெக்குக்கு (டிரெய்லரின் மேல்தளம்) 8 அடி, இரு பக்கமும் 8 அடி இறக்கம். எடை ஒவ்வொன்றும் 80-100 பவுண்டு, ஈரமானால் இன்னும் கூடும். இரும்பு லோடை மூடும் தார்ப்பாய்க்கு இறக்கம் 4 அடிதான், அகலம் 16. மேலே தூக்க ஃபோர்க்லிஃப்டைக் கேளுங்கள். தோளில் போட்டுக்கொண்டு ஏணி ஏறுவது வீரம் அல்ல.

பின் தார்ப்பாயை முதலில் விரித்து, முன் தார்ப்பாய் அதன்மேல் படியும்படி போடுங்கள். கூரை ஓடு மாதிரி. மாற்றிப் போட்டால் காற்று மடிப்புக்குள் நுழைந்து, 65 மைல் வேகத்தில் தார்ப்பாயைப் பலூனாக்கும்; நூறு மைலுக்குள் ஓரம் கிழியும். கூரான மூலைகளுக்குப் பழைய கம்பளமோ தடித்த துணியோ வைத்த பிறகே விரிக்க வேண்டும். தார்ப்பாயைப் பிடிக்கும் கொக்கி வைத்த ரப்பர் பட்டையான பஞ்சியை மாட்டும்போது இழுக்கும் திசைக்கு நேரே முகம் இருக்கக்கூடாது. குளிரில் ரப்பர் உடைந்தால் கொக்கி கண்ணுக்குத்தான் வரும்.

லோடின் மேல் பின்னோக்கி நடக்காதீர்கள். ஃபிளாட்பெட்டில் சாலைக்கு வெளியே உயிர் போகும் விபத்துகளில் இப்படி விழுவதும் ஒன்று. லோடின் மேல் ஏறுவதற்குக் கம்பெனியில் என்ன விதி என்று கேளுங்கள்: சிலர், விழாமல் பிடிக்கும் வார்க்கச்சு மாட்டித் தார்ப்பாய் போடும் இடம் இருந்தால் மட்டுமே ஏற விடுவார்கள். தார்ப்பாய் கட்டு அல்ல என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சி எத்தனை போட்டாலும் அது லோடைப் பிடிக்காது.

ஓட்டிக் காட்டுவது

இதில் விழுகிறவர் குறைவு. ஆனால் பயிற்சியாளர் மதிப்பெண் போடத் தொடங்குவது வண்டி நகர்வதற்கு முன்பே. ஏறும்போது இறங்கும்போது மூன்று புள்ளிப் பிடி (இரு கை, இரு காலில் மூன்று எப்போதும் வண்டியில்), பிறகு ஏர் பிரேக் சோதனை. என்ஜினை நிறுத்தி, பிரேக்கை விட்ட நிலையில் ஒரு நிமிடத்தில் காற்றழுத்தம் 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக்கூடாது. பிரேக்கை மிதித்துப் பிடித்தால் 4. 55க்கு இறங்குவதற்குள் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும், 20க்கும் 45க்கும் நடுவே பார்க்கிங் பிரேக் பட்டன்கள் வெளியே துள்ள வேண்டும். எண்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

ஸ்பிரெட் ஆக்சில் டிரெய்லர் ஓட்டிப் பழகாதவர் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு அச்சுக்கும் நடுவே 10 அடிக்கு மேல் இருப்பதால் அந்த இரண்டிலும் சேர்த்து 34,000க்குப் பதில் 40,000 பவுண்டு ஏற்றலாம்; ஆனால் இடுக்கில் திருப்பினால் டயர் தரையில் இழுபட்டுத் தேயும். முன் அச்சின் காற்றை இறக்கும் வால்வு இருந்தால் யார்டில் மெதுவாகத் திருப்பும்போது இறக்கி, சாலைக்கு வருமுன் மறக்காமல் ஏற்றுங்கள். ரிவர்ஸில் சந்தேகம் வந்தால் இறங்கிப் பாருங்கள். இரண்டு முறை இறங்கினாலும் யாரும் குறைக்க மாட்டார்கள், ஒருமுறை கூட இறங்காதவரைக் குறைப்பார்கள்.

கையெழுத்துப் போடும் முன்

கடைசி நாள் மதியம், எல்லோருக்கும் களைப்பு, வீட்டு நினைப்பு. அப்போதுதான் தடியான கட்டொன்றை வைத்து "மஞ்சள் ஒட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்து" என்பார்கள். முந்தின நாளே பிரதி கேளுங்கள். மைல் சம்பளம் என்றால் எந்த மென்பொருள் மைல், சதவீதம் என்றால் எந்தத் தொகையில் சதவீதம், எரிபொருள் கூடுதல் தொகை அதில் சேருமா என்று பாருங்கள். தார்ப்பாய்க் காசு எவ்வளவு, தார்ப்பாய் போட்டதற்கா அல்லது லோடுக்கு ஒருமுறையா? காத்திருப்புக் காசு எத்தனை மணி நேரம் கழித்து? வண்டி கெட்டால்? பாதியில் போனால் ஓரியண்டேஷன் செலவைத் திருப்பித் தர வேண்டுமா? சேரும்போது தரும் போனஸ் எத்தனை தவணை?

கம்பெனியின் வண்டியை ஓட்டுகிறவருக்கு 1099 படிவத்தில், அதாவது வேலையாளாக இல்லாமல் ஒப்பந்தக்காரராகக் காட்டி, சம்பளம் என்றால் அங்கேயே யோசியுங்கள். வேலையாளுக்குரிய வரி, இழப்பீடு எல்லாம் உங்கள் தலையில் ஏறும். சொந்த வண்டியோடு குத்தகைக்குச் சேர்கிறவருக்கு மத்திய விதிகளில் சில உறுதிகள் உண்டு: தேவையான காகிதங்களைக் கொடுத்த 15 நாட்களுக்குள் பணம், பிடித்து வைக்கும் வைப்புத்தொகையான எஸ்க்ரோவுக்கு வட்டி, ஒப்பந்தம் முடிந்த 45 நாட்களுக்குள் எஸ்க்ரோ திரும்ப வருவது. இவை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லை என்றால் கேளுங்கள். முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

வண்டியை வாங்கும்போது

உபகரணப் பட்டியல் ஒன்றை நீட்டுவார்கள். உதாரணத்துக்கு 10 செயின், 10 பைண்டர், 12 ஸ்ட்ராப், 2 மரத் தார்ப்பாய், 2 வின்ச் பார் என்று எழுதியிருக்கும். வேலையை விடும் நாளில் இதே பட்டியலை வைத்துத்தான் உங்கள் கடைசிச் சம்பளத்தில் கழிப்பார்கள். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து எண்ணுங்கள். தார்ப்பாயை விரித்து ஓட்டைகளைப் படம் எடுங்கள். 12 என்று எழுதியிருக்கிறது, 9தான் இருக்கிறது, அதில் 2க்கு லேபிள் இல்லை என்றால், அதைப் பட்டியலிலேயே எழுதி, தேதி போட்டு, அவர் கையெழுத்தும் வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை.

வண்டியில்: பதிவு, காப்பீடு, இஃப்டா (எரிபொருள் வரி உரிமம்), டிரக்குக்கும் டிரெய்லருக்கும் 12 மாதத்துக்கு உட்பட்ட ஆண்டுச் சோதனைச் சான்று. இஎல்டியின் கையேடு, தரவு அனுப்பும் குறிப்பு, பழுதானால் செய்ய வேண்டிய குறிப்பு, 8 நாளுக்குக் காகித லாக். தீயணைப்பான், மூன்று முக்கோணம். முன் டயர் பள்ளம் 4/32, மற்றவை 2/32க்குக் குறையக்கூடாது. ஒவ்வொரு வின்ச்சையும் சுற்றிப் பாருங்கள். பல் தேய்ந்து நழுவும் வின்ச் எது என்று காலி டிரெய்லரில்தான் தெரியும், லோடு ஏறிய பிறகு தெரிந்து பயனில்லை. காலி அலுமினிய டிரெய்லர் நடுவில் வில்லாக மேலே வளைந்திருந்தால் பயப்பட வேண்டாம், எடை ஏறினால் சமமாகும்.

முதல் லோடு

முதல் 50 மைலுக்குள் நிறுத்திக் கட்டைப் பார்ப்பது சட்டம். அதற்குப் பிறகு பணிநிலை மாறும்போதோ, 3 மணி நேரத்திலோ, 150 மைலிலோ, எது முதலில் வருகிறதோ அப்போது மறுபடி. மரமும் ரப்பர் பாயும் முதல் சில மைலில் அழுந்தும், அதனால்தான் இந்த 50. நடைமுறையில் லோடு ஏற்றிய ஷிப்பரின் வாசலைத் தாண்டி நிறுத்த முடிகிற முதல் இடத்திலேயே ஒருமுறை பாருங்கள். ஸ்ட்ராப்பை விரல் கணுவால் தட்டினால் விறைப்பாக அதிர வேண்டும். தொய்வாகத் தொம்மென்றால் வின்ச்சை ஒரு பல் ஏற்றுங்கள். செயினைக் காலால் உதைத்துப் பாருங்கள், பைண்டர் பிடியைக் கட்டிய கம்பி அப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள். பார்த்த நேரத்தையும் இடத்தையும் இஎல்டியில் குறிப்பாக எழுதி, ஒரு படத்தையும் எடுத்து டிஸ்பேட்சருக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.